முத்திரையைப் பார்த்தீர்களா?

சென்ற மாதம் கும்பகோணத்தில் என் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் காலை வைத்ததுமே ஒரு விசித்திரமான காட்சி கண்ணில் பட்டது. மூலையில் மேஜை மேல் இருக்கும் அவருடைய கம்ப்யூட்டருக்கு ஓர் ஈரிழைத் துண்டைப் போர்த்தி, நாலு பக்கமும் இழுத்துச் செருகியிருந்தார்கள். கிளிக் கூண்டை ராத்திரி வேளையில் மூடி வைப்பார்களே, அந்த மாதிரி.

"என்ன பெரியம்மா இது?" என்று கேட்டேன்.

"அதுக்கு உடம்பு சரியில்லையாம். உள்ளே வைரஸ் இருக்காம். நாலு நாளா உன் பெரியப்பா அதைத் தொடவும் இல்லை, தொட விடவும் இல்லை. ஒட்டிக்கிற வியாதியோ என்னமோ, எதுக்கு வம்புன்னு நானும் அந்த மூலையைப் பெருக்கறதில்லை" என்றாள் பெரியம்மா.

பெரியப்பா தபால் இலாகாவில் முப்பத்தெட்டு வருஷம் உத்தியோகம் பார்த்து, போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவர். கையெழுத்து இம்மி பிசகினாலும் மணியார்டர் பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று ஊரில் பெயர். அப்பேர்ப்பட்டவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, நான் வந்ததையே கவனிக்காதவர் போல் இருந்தார். சமாசாரம் வெளியே வருவதற்குள் இரண்டு டம்ளர் காப்பி உள்ளே போக வேண்டியிருந்தது.

அவருக்குச் சங்கீதப் பைத்தியம். பழைய நாளைய நாதஸ்வரக் கச்சேரி ஒன்றின் ஒலிப்பதிவைத் தேடிக்கொண்டு போயிருக்கிறார். எங்கெங்கோ சுற்றி, ஏதோ ஓர் இணையதளத்தில் போய் நின்றார். அங்கே பாட்டு இல்லை. ஓர் உத்தரவுதான் இருந்தது. 'நீங்கள் ரோபோ இல்லை என்பதை நிரூபிக்க, மேலே தெரியும் "அலவ்" பொத்தானை அழுத்தவும்' என்று.

"நான் ரோபோ இல்லைதானேடா? அழுத்தினேன்" என்றார் பெரியப்பா.

பாட்டு வரவில்லை. ஆனால் மறுநாள் காலை முதல், திரையின் வலது பக்கக் கீழ்மூலையில் சின்னச் சின்னச் சீட்டுகள் முளைக்க ஆரம்பித்தன. 'உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள்!' என்றது ஒன்று. 'உங்கள் பாதுகாப்பு இன்றோடு காலாவதி!' என்றது இன்னொன்று. பெயர் பெற்ற வைரஸ் தடுப்புக் கம்பெனிகளின் சின்னத்தை அப்படியே அச்சடித்தாற் போல் போட்டு, சிவப்புக் கேடயமும் ஆச்சரியக் குறியுமாக ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று வந்து விழுந்தது. இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் ஒரு சீட்டை அழுத்திவிட்டார்.

அவ்வளவுதான். திரை முழுவதும் சிவப்பாயிற்று. ஊளையிடும் சத்தம். ஒரு பெண் குரல் இங்கிலீஷில், 'கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள், உங்கள் பாங்க் விவரங்கள் திருடப்படுகின்றன, உடனே இந்த நம்பருக்குப் பேசுங்கள்' என்று திரும்பத் திரும்பச் சொல்லிற்று. மூடலாம் என்றால் மூடுகிற குறியே காணோம். பெரியப்பா பேசினார்.

"அவ்வளவு மரியாதையாக என் சொந்தப் பிள்ளைகூட என்னோடு பேசினதில்லை. வாக்கியத்துக்கு ஒரு ஸார்!" என்றார், இன்னமும் கொஞ்சம் ஆச்சரியத்தோடு.

அந்த மரியாதைக்காரன், தூரத்திலிருந்தே ஒரு கம்ப்யூட்டரை இயக்கும் நிரல் ஒன்றை இவரைக் கொண்டே இறக்கச் செய்தான். அம்புக்குறி தானாக நகர்ந்தது. ஏதோ ஒரு பட்டியலைத் திறந்து காட்டினான். வரிக்கு வரி சிவப்புப் புள்ளி, மஞ்சள் முக்கோணம். "எல்லாம் வைரஸ் ஸார். ஐந்து வருஷப் பாதுகாப்புக்கு 14,999 ரூபாய்தான் ஸார். உங்கள் பாங்க் கணக்கை இதிலேயே திறவுங்கள் ஸார்" என்றான். பெரியப்பா எழுந்து போய், பாஸ்வேர்டு எழுதி வைத்திருக்கும் நோட்டுப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கத்தைப் புரட்டினார்.

கரண்ட் போய்விட்டது!

அந்த வீட்டு யு.பி.எஸ். இரண்டு வருஷத்துக்கு முன்பே உயிரை விட்டதை நினைத்து நான் மனசுக்குள் கும்பேசுவரருக்கு ஒரு கும்பிடு போட்டேன். இருட்டில் பெரியம்மா வந்து, "யாரோட இத்தனை நாழி இங்கிலீஷ்?" என்று கேட்டாளாம். பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான், அந்தப் பதில் தனக்கே தெரியாது என்பது பெரியப்பாவுக்கு உறைத்தது. டெலிபோனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த ஆசாமி ஒன்பது தடவை கூப்பிட்டானாம்.

இதை அவர் சிகாகோவில் இருக்கும் பிள்ளையிடம் சொல்லவில்லை. பெரியம்மாவிடமும் முழுசாகச் சொல்லவில்லை. துண்டைப் போட்டு மூடிவிட்டார். இப்போது அவருடைய அனுமதியுடன்தான் எழுதுகிறேன். 'பெயரைப் போடாதே' என்பது ஒன்றுதான் நிபந்தனை.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இந்தச் சிவப்புச் சீட்டு ஒருநாள் வந்து விழலாம், வந்து விழுந்துமிருக்கலாம். 2021-ஆம் வருஷம் மைக்ரோஸாஃப்ட் கம்பெனி பல நாடுகளில் விசாரித்தபோது, நம் தேசத்தில் கேட்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 69 பேர், அதற்கு முந்திய ஒரு வருஷத்துக்குள் இம்மாதிரிப் போலி உதவிக்காரர்களை ஏதாவது ஒரு ரூபத்தில் சந்தித்ததாகச் சொன்னார்கள். ஆகவே பெரியப்பா ஒன்றும் அசடு அல்ல. நாம் பெரிய கூட்டத்தில்தான் இருக்கிறோம்.

நான் முதலில் கம்ப்யூட்டரிலிருந்து இண்டர்நெட் ஒயரைப் பிடுங்கினேன். பிறகு துண்டை எடுத்துவிட்டு, அதை உயிர்ப்பித்தேன். பழைய சீட்டுகளெல்லாம் அறிவிப்புகள் சேருகிற இடத்தில் மூட்டையாகக் குவிந்து கிடந்தன.

"பெரியப்பா! சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்காதீர்கள். முத்திரையை மாத்திரம் பாருங்கள்" என்றேன்.

முத்திரை என்றதும் மனுஷர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொண்டு குனிந்து பார்த்தார். சீட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'கூகுள் குரோம்' என்று இருந்தது. பக்கத்திலேயே, வாயில் நுழையாத ஏதோ ஓர் இணையதளத்தின் பெயர்.

"அடே! கடுதாசியிலே ஒரு கம்பெனி பேர் போட்டிருக்கான், முத்திரை வேற ஊரா இருக்கே!" என்றார்.

சூட்சுமம் அவ்வளவுதான். அந்தச் சீட்டை எழுதியது கம்ப்யூட்டர் அல்ல. வைரஸைப் பிடிக்கிற நிரலும் அல்ல. எங்கேயோ இருக்கும் ஓர் இணையதளம் போட்ட கார்டு அது. பிரௌஸர் வெறும் தபால்காரர். கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறார். இந்தத் தபால் வசதி ஒன்றும் கெட்ட எண்ணத்தில் பிறந்ததல்ல. 2015 ஏப்ரலில் குரோம் பிரௌஸர் இதைக் கொண்டுவந்தது. இணையதளத்தை மூடிவிட்ட பிறகும் செய்தி, கிரிக்கெட் ஸ்கோர், கடிதம் வந்த தகவல் இவை உங்களைத் தேடி வரட்டும் என்பது நோக்கம். ஆனால் வீட்டுக்காரர் ஒரு தடவை 'சரி' என்று சொல்லவேண்டும். அந்தச் 'சரி'தான் 'அலவ்' பொத்தான். ரோபோ கதையெல்லாம் அதை உங்கள் கையாலேயே அழுத்தவைப்பதற்கான ஜோடனை. சில இடங்களில் ரோபோவுக்குப் பதிலாக, 'இதை அழுத்தினால்தான் படம் ஓடும்' என்பார்கள்.

தொல்லை பொறுக்காமல், 2020 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸும், பிப்ரவரியில் குரோமும் இந்த அனுமதி கேட்கும் சத்தத்தைக் குறைக்க ஏற்பாடு செய்தன. சத்தம் குறைந்ததே தவிர, கேட்கிறவர்கள் குறையவில்லை.

"அப்படியானால் அஞ்சு வைரஸ் என்று எண்ணிச் சொன்னானே, எப்படி?" என்று கேட்டார் பெரியப்பா. நியாயமான கேள்வி. பதில்: எண்ணவே இல்லை. ஓர் இணையதளம் தன் இஷ்டத்துக்கு உங்கள் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, அலமாரி அலமாரியாகத் திறந்து பார்த்து, வைரஸைத் தேட முடியாது. நீங்கள் எந்தப் பிரௌஸர், எந்த ரகக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறீர்கள், உத்தேசமாக எந்த ஊர், யாரிடம் இண்டர்நெட் வாங்குகிறீர்கள், இவ்வளவுதான் அதற்குத் தெரியும். இதையே பெரிதாகத் திரையில் போட்டதும், 'ஐயோ, நம் ஊர் பெயர்கூடத் தெரிந்திருக்கிறதே!' என்று நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. 'சோதனை நடக்கிறது, 43 சதவிகிதம், 78 சதவிகிதம்' என்று ஓடுகிற கோடு வெறும் சினிமா. முன்பெல்லாம் இந்தச் சினிமாக்காரர்கள், ஆப்பிள் கம்பெனியின் மெஷினில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூட, 'உங்கள் விண்டோஸின் ஸி டிரைவில் வைரஸ்' என்று காட்டி மாட்டிக்கொண்டதுண்டு.

டெலிபோன்காரன் காட்டிய சிவப்புப் புள்ளிப் பட்டியல் மட்டும் நிஜமானது. ஆனால் அது வைரஸ் பட்டியல் அல்ல. விண்டோஸ் தன் அன்றாட நடவடிக்கைகளைக் குறித்து வைக்கும் நாட்குறிப்பு. 'ஈவெண்ட் வியூவர்' என்று பெயர். ஏதோ ஒரு நிரல் மெதுவாகத் திறந்தது, பிரிண்டர் பதில் சொல்லவில்லை என்பதையெல்லாம்கூட அது சிவப்பிலும் மஞ்சளிலும் எழுதி வைக்கும். நல்ல திடகாத்திரமான கம்ப்யூட்டரிலும் இந்தப் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். இன்னொரு வித்தை, கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டி, 'ஃபாரின் அட்ரஸ்' என்று தலைப்புப் போட்ட ஒரு பட்டியலைக் காட்டி, "பாருங்கள் ஸார், வெளிநாட்டுத் திருடர்கள்!" என்பது. கம்ப்யூட்டர் பாஷையில் 'ஃபாரின்' என்றால் எதிர்முனை என்றுதான் அர்த்தம். நீங்கள் கும்பகோணத்திலிருந்து பாபநாசத்துக்குக் கடுதாசி போட்டாலும் அது பாபநாசத்தை 'ஃபாரின்' என்றுதான் சொல்லும்.

இந்த வியாபாரம் நேற்று ஆரம்பித்ததல்ல. அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தில் 'ஸ்டார் டிரிப்யூன்' என்று ஒரு தினசரி இருக்கிறது. 2010-ல் ஒரு விளம்பர ஏஜென்ஸி அதனிடம் வந்து, ஹோட்டல் கம்பெனி ஒன்றின் விளம்பரத்தை இணையதளத்தில் போடவேண்டும் என்றது. பத்திரிகைக்காரர்கள் விளம்பரத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. வெளியிட்டார்கள். அப்புறம் அந்தப் போலி ஏஜென்ஸி, விளம்பரத்துக்குள் இருந்த நிரலைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டது! பேப்பர் படிக்க வந்தவர்களின் கம்ப்யூட்டர் தடுமாறிற்று, '49.95 டாலர் கொடுத்து வைரஸ் மருந்து வாங்கு' என்று எச்சரிக்கை வந்தது. வாங்காதவர்களுக்குத் தங்கள் பைல்களையே திறக்க முடியாமற் போயிற்று. இதில் சம்பந்தப்பட்ட லாட்வியா தேசத்து ஆசாமி ஒருவர் 2011-ல் பிடிபட்டு, நழுவி, ஐந்து வருஷத்துக்குப் பிறகு போலந்தில் மறுபடி அகப்பட்டு, 2018-ல் 33 மாதம் சிறைத் தண்டனை பெற்றார்.

அப்போது அவர்கள் திருட்டு நிரலை மெய்யாகவே உள்ளே இறக்கச் சிரமப்பட்டார்கள். இப்போதைய சீட்டுக்காரர்களுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. உள்ளே ஒன்றையும் இறக்காமலே, பயத்தை மட்டும் இறக்கினால் போதும். கதவை நாமே திறந்துவிடுகிறோம்.

பெரிய கடைகளும் இதற்கு விலக்கில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரமூட்டுகிற விஷயம். 'ஆஃபீஸ் டிப்போ' என்ற அமெரிக்கக் கடையில் இலவசமாகக் கம்ப்யூட்டரைச் சோதித்துத் தந்துகொண்டிருந்தார்கள். சோதனை தொடங்குமுன் 'மெதுவாக ஓடுகிறதா?' என்கிற மாதிரி நாலு கேள்விகள் கேட்டார்கள். ஒன்றுக்கு 'ஆமாம்' என்று குறித்தாலும் போதும், மெஷினில் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும், 'வைரஸ் அறிகுறி இருக்கிறது' என்றே முடிவு வரும் என்று அந்நாட்டு வாணிப ஆணையம் குற்றம் சாட்டிற்று. 2019 மார்ச்சில் அந்தக் கடையும், நிரலைக் கொடுத்த கம்பெனியும் சேர்ந்து 3 கோடியே 50 லக்ஷம் டாலர் கட்டச் சம்மதித்தன.

நம் ஊர்ப் பக்கமும் பெருமைப்பட ஒன்றும் இல்லை. 2023 அக்டோபரில் ஸி.பி.ஐ. 'ஆபரேஷன் சக்ரா-2' என்று பல ராஜ்யங்களில் 76 இடங்களைச் சோதனை போட்டது. மைக்ரோஸாஃப்ட், அமேஸான் கம்பெனிகள் கொடுத்த புகாரும் அதற்கு ஒரு காரணம். அந்தக் கம்பெனிகளின் பெயரைச் சொல்லி, திரையில் பொய் எச்சரிக்கை காட்டி, அயல்நாட்டுக் கிழவர் கிழவிகளிடம் பணம் பறித்த டெலிபோன் கூடங்கள் இங்கேதான் நடந்துகொண்டிருந்தன. வாக்கியத்துக்கு ஒரு 'ஸார்' எங்கே பயிற்சியானது என்று தெரிகிறதல்லவா?

எல்லாச் சீட்டும் டெலிபோனுக்கு இழுப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில, நிஜமான வைரஸ் மருந்தை விற்கிற நிஜமான கடைக்கே உங்களைக் கொண்டு போய் விடும். நீங்கள் வாங்கினால், அழைத்துவந்தவனுக்குக் கமிஷன். ஆளைப் பயமுறுத்தித் தரகு சம்பாதிக்கிற பிழைப்பு!

சரி, திரை சிவந்து ஊளையிடும்போது என்ன செய்வது? முதலில், ஒலியைக் குறைத்துவிடுங்கள். பாதி பயம் காதுவழியாகத்தான் வருகிறது. அந்தப் பக்கத்தில் தெரியும் பெருக்கல் குறியையும், 'மூடு' என்ற பொத்தானையும் நம்பாதீர்கள். அதுவும் அவன் வரைந்த படமாக இருக்கக்கூடும். 'எஸ்கேப்' விசையைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால், அல்லது 'எஃப் 11' விசையைத் தட்டினால், திரை முழுவதையும் அடைத்திருந்த பக்கம் சுருங்கி, மூடுகிற குறி தென்படும். மசியாவிட்டால் 'கண்ட்ரோல்', 'ஷிஃப்ட்', 'எஸ்கேப்' மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். 'டாஸ்க் மானேஜர்' வரும். அதில் பிரௌஸரைத் தேர்ந்தெடுத்து, 'எண்ட் டாஸ்க்' கொடுத்தால் ஊளை அடங்கும். மறுபடி திறக்கும்போது 'பழைய பக்கங்களைத் திரும்பக் கொண்டுவரட்டுமா?' என்று பிரௌஸர் கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். எதற்கும் மசியாவிட்டால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடலாம். 'அணைக்காதே' என்று அவன் கெஞ்சுவது, அணைத்தால் அவன் கதை முடிந்துபோகும் என்பதற்காகத்தான்.

நிஜமாகவே வைரஸ் இருந்துவிட்டால்? நிஜ வைரஸ்களும் உலகத்தில் உண்டுதான். இல்லை என்று நான் சொல்லவில்லை. சந்தேகம் வந்தால் வாசலில் வந்த சீட்டைக் கேட்காமல், ஆபீசுக்கு நேரே போய்க் கேளுங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தட்டி நீங்களாகவே திறந்தால், உள்ளதை அது சொல்லும். இன்னொன்று: மைக்ரோஸாஃப்டின் நிஜமான எச்சரிக்கையில் டெலிபோன் நம்பர் இருக்கவே இருக்காது. அந்தக் கம்பெனியே இதைத் தெளிவாக அறிவித்திருக்கிறது. நம்பர் இருந்தால் அது போலி. யோசிக்கவே வேண்டியதில்லை.

பெரியப்பா மாதிரி டெலிபோனில் பேசி, கம்ப்யூட்டரையும் அவன் கையில் கொடுத்துவிட்டவர்களுக்கு வேலை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நாங்கள் செய்ததைச் சொல்லுகிறேன். ஒயரைப் பிடுங்கிய நிலையிலேயே, அவன் இறக்கச் சொன்ன நிரலை நீக்கினோம். என் டெலிபோனிலிருந்து பெரியப்பாவின் ஈமெயிலுக்கும் பாங்குக் கணக்குக்கும் பாஸ்வேர்டை மாற்றினோம். பாங்குக்குப் பேசி, நாலு நாளில் ஏதாவது பணம் போயிருக்கிறதா என்று விசாரித்தோம். போகவில்லை. பிறகு இண்டர்நெட்டை இணைத்து, விண்டோஸின் சொந்தக் காவல்காரனைக் கொண்டு முழுச் சோதனை போட்டோம். ஒரு மணிக்கு மேல் பிடித்தது. பெரியப்பா பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப் போல் உட்கார்ந்திருந்தார். முடிவு: பூஜ்யம்.

பணம் போயிருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. 1930 என்ற நம்பருக்குப் பேசவேண்டும். சர்க்கார் இதற்காகவே வைத்திருக்கும் நம்பர் அது. 'சைபர்க்ரைம் டாட் கவ் டாட் இன்' என்ற தளத்திலும் எழுதித் தெரிவிக்கலாம். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுமுன் நிறுத்தி வைக்க வழியுண்டு. பெரியப்பா நாலு நாள் துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தாரே, அந்த நாலு நாளில் பென்ஷன் பணம் பூராவும் காசி வரை போய்த் திரும்பியிருக்கலாம். இதை அவரிடம் சொன்னபோது, "வயசான காலத்திலே பசங்க சிரிப்பாங்களேடா" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியாக, சீட்டுகளின் ஊற்றுக்கண்ணை அடைக்கிற காரியம் பாக்கியிருந்தது. குரோமில் 'செட்டிங்ஸ்' போய், 'பிரைவஸி அண்ட் செக்யூரிட்டி'யைத் திறந்து, அதற்குள் 'ஸைட் செட்டிங்ஸ்', அதற்கும் உள்ளே 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்ற இடத்துக்கு வந்தோம். யார் யாருக்கெல்லாம் நீங்கள் 'அலவ்' கொடுத்திருக்கிறீர்கள் என்ற ஜாபிதா அங்கே இருக்கும். பெரியப்பாவின் ஜாபிதாவில் இருபத்து மூன்று பெயர்கள்!

"இத்தனை பேருக்கா கொடுத்தேன்?"

"கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறீர்கள், பெரியப்பா."

"கேக்கறவாகிட்ட மூஞ்சியிலே அடிச்ச மாதிரி இல்லைன்னு சொல்றது மரியாதையா?" என்றார்.

ஆனால் ஜாபிதாவைக் கண்டதும் அவருக்குள்ளிருந்த போஸ்ட்மாஸ்டர் விழித்துக்கொண்டுவிட்டார். என்னை நகரச் சொல்லிவிட்டுத் தாமே உட்கார்ந்தார். ஒவ்வொரு பெயரையும் உரக்கப் படித்தார். "இவன் யாரு? தெரியாது. எடு. இவன்? விலாசமே சரியில்லை. எடு." ரோபோ கேள்வி கேட்ட தளம் பதினேழாவதாக வந்தது. அதன் பெயரை எழுத்தெழுத்தாக ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் நீக்கினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கடைசியில் கிரிக்கெட் ஸ்கோர் சொல்லும் தளம் ஒன்று மட்டும் தப்பிப் பிழைத்தது. புதிதாக யாரும் கேட்கவே முடியாதபடி அடியோடு நிறுத்தவும் அதே இடத்தில் வழி இருக்கிறது என்றேன். "வேண்டாம். கேக்கட்டும். நான் பார்த்துக்கறேன்" என்றார்.

சாயங்காலம் நான் ரயிலுக்குப் புறப்படும் சமயம், பெரியம்மா நாலு நாள் குப்பையைச் சேர்த்து அந்த மூலையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பெரியப்பா மறுபடியும் நாதஸ்வரத்தைத் தேடிக் கிளம்பிவிட்டார். ஏதோ ஒரு தளம், 'அறிவிப்புகள் அனுப்பலாமா?' என்று கேட்டிருக்கும் போலிருக்கிறது. டொக்கென்று மேஜை அதிர்ந்தது. பார்ஸலில் முத்திரை குத்துகிற வேகத்தில் மவுஸைத் தட்டியிருந்தார்.

"என்ன சத்தம் அது?" என்றாள் பெரியம்மா.

"ஒண்ணுமில்லை. ஒரு கடுதாசியைத் திருப்பி அனுப்பிச்சேன்."